பெயரில்லாத நோயும் இரண்டு மொழிகளும்: புலம்பெயர்ந்த குடும்பத்தின் வளர்பருவ நாவலை ஆராய்வது எப்படி

மருத்துவரின் அறையில் மூவர் இருக்கிறார்கள். தாய்க்கு அந்த நாட்டின் மொழி தெரியாது; மருத்துவருக்குத் தாயின் மொழி தெரியாது; இருவருக்கும் நடுவில் பதினான்கு வயது மகள் அமர்ந்திருக்கிறாள். "நெஞ்சுக்குள் கல்லை வைத்ததுபோல் இருக்கிறது, ஏன்தான் விடிகிறதோ என்று தோன்றுகிறது" என்கிறார் தாய். மகள் சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை" என்று மருத்துவரிடம் சொல்கிறாள். மருத்துவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்.

இந்தக் காட்சி எந்த நாவலிலும் உள்ளதன்று; விளக்கத்துக்காக நான் புனைந்தது. ஆனால் புலம்பெயர்ந்த குடும்பம், வளரும் பிள்ளை, மனநலம் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் நாவல்களை முதன்முறையாக ஆராயத் தொடங்குபவர் கவனிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி இதற்குள் அடங்கியிருக்கிறது. தாயின் வலி ஒரு மொழியில் பிறந்து இன்னொரு மொழிக்குள் நுழையும்போது சுருங்கிவிட்டது. சுருக்கியவள் மகள். அவள் தாயைக் காப்பதற்காகச் சுருக்கினாளா, வெட்கத்தால் சுருக்கினாளா, அல்லது அந்த வலியைச் சொல்வதற்கான சொல் அவளிடம் இரண்டு மொழியிலுமே இல்லையா என்பது நமக்குத் தெரியாது. நாவலை வாசிக்கும் வேலை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. வலிக்குப் பெயரிடுபவர் யார், எந்த மொழியில் பெயரிடுகிறார், அந்தப் பெயரை யார் ஏற்கிறார், யார் மறுக்கிறார் என்று நாவல் முழுவதும் தொடர்ந்து கேட்டுக்கொண்டே செல்வதுதான் இவ்வகை நாவல்களுக்குள் நுழைய எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி.

வளர்ச்சி என்ற சொல்லின் சிக்கல்

முதலில் நாவலின் வகையைப் பற்றிச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒரு சிறுவனோ சிறுமியோ அறியாமையிலிருந்து முதிர்ச்சிக்கு நகரும் கதையை வளர்பருவ நாவல் என்கிறோம். ஜெர்மன் மொழியில் இதற்கு வழங்கும் 'பில்டுங்ஸ்ரோமான்' என்ற சொல்லை உருவாக்கியவர் கார்ல் மார்கன்ஸ்டெர்ன் என்ற பேராசிரியர். 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் சொற்பொழிவுகளில் அதைப் பயன்படுத்தினார். 1795–96இல் வெளிவந்த கதேயின் வில்ஹெல்ம் மைஸ்டர் நாவலே இந்த வகைக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுகிறது. அந்த முன்மாதிரியின் தடம் எளியது: இளைஞன் வீட்டை விட்டு வெளியேறுகிறான், தவறுகிறான், ஏமாறுகிறான், கற்றுக்கொள்கிறான், கடைசியில் தன்னைச் சூழ்ந்த சமூகத்தோடு ஏதோ ஓர் உடன்பாட்டுக்கு வந்து தனக்குரிய இடத்தில் அமர்கிறான்.

புலம்பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளையை நாயகனாக வைத்தவுடன் இந்தத் தடம் குழம்பிவிடுகிறது. வீட்டை விட்டு வெளியேறும் பயணத்தை அவனுக்கு முன்பே பெற்றோர் செய்துவிட்டார்கள். உடன்பாட்டுக்கு வர வேண்டிய சமூகம் ஒன்றா, இரண்டா என்பதும் தெளிவில்லை. வாசலுக்கு வெளியே ஒன்று நிற்கிறது, சாப்பாட்டு மேசையைச் சுற்றி இன்னொன்று அமர்ந்திருக்கிறது, ஒன்றில் முதிர்ச்சி எனப்படுவது மற்றொன்றில் அடங்காமை எனப்படுகிறது. தனியறை கேட்பது, தன் விருப்பத்தைச் சொல்வது, வேறு ஊரில் படிக்கப் போவது போன்றவை வெளியுலகின் கணக்கில் வளர்ச்சி. வீட்டின் கணக்கில் அவை கைவிட்டுப் போதல்.

இதனுடன் மனநோயும் சேரும்போது சிக்கல் இன்னொரு படி ஏறுகிறது. வளர்பருவக் கதைக்கு முன்னோக்கி ஓடும் காலம் தேவை. மனச்சோர்வு காலத்தை நிறுத்திவிடும். ஒரே நாள் திரும்பத் திரும்ப வருவதுபோலவும், நேற்றும் நாளையும் ஒன்றுபோலவும் தோன்றும் நிலையில் இருக்கும் ஒருவரை வைத்து 'படிப்படியாக வளர்ந்தான்' என்ற கதையை எப்படிச் சொல்வது? நல்ல நாவல்கள் இந்த முரணை மறைப்பதில்லை. அத்தியாயங்கள் திடீரென்று குட்டையாகலாம், மாதங்கள் ஒரு வரியில் கடந்துபோகலாம், ஒரு மாலைப்பொழுது முப்பது பக்கம் நீளலாம். எனவே, நாவலில் காலம் எங்கே வேகமாக ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பக்கங்களின் ஓரத்தில் குறித்துக்கொண்டு வாசிப்பது, தொடக்கநிலை வாசகருக்கும் உடனே பலன் தரும் பயிற்சி.

தலைகீழான வீடு

புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிள்ளைகள் பெற்றோரைவிட விரைவாகப் புதிய மொழியைக் கற்கிறார்கள். அதனால் வங்கிக் கடிதத்தை வாசிப்பது, வீட்டு உரிமையாளரிடம் பேசுவது, பள்ளியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்வது எல்லாம் பிள்ளையின் வேலையாகின்றன. வீட்டில் அதிகாரம் மேலிருந்து கீழே வராமல் கீழிருந்து மேலே போகத் தொடங்குகிறது. பெற்றோரைப் பிள்ளை பேணும் இந்தத் தலைகீழ் நிலையைக் குடும்ப உளவியலில் பெற்றோராக்கம் என்று சொல்லலாம். 1970களில் குடும்பச் சிகிச்சையாளர்கள் இதை விரிவாக எழுதினார்கள். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த நிலை எப்போதும் தீங்கு மட்டுமன்று. தன் சொல்லை நம்பி ஒரு வீடே நடக்கிறது என்ற பெருமையும், விளையாட வேண்டிய வயதில் வாடகைப் பாக்கியை நினைத்துத் தூங்காத சோர்வும் ஒரே பிள்ளைக்குள் ஒரே நேரத்தில் இருக்க முடியும். நாவல் இந்த இரண்டில் எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பது ஆராயத்தக்கது.

அடுத்தது, பெற்றோரின் கடந்தகாலம். பிள்ளை பிறப்பதற்கு முன்போ, நினைவு தெரிவதற்கு முன்போ நடந்த போர், பஞ்சம், தப்பியோட்டம், எல்லைக் கடப்பு ஆகியவற்றைப் பெற்றோர் சொல்லாமலே பிள்ளை சுமக்க நேர்கிறது. தாம் நேரில் காணாத ஒன்று, கேட்ட கதைகளாலும் கண்ட படங்களாலும் வீட்டின் மௌனங்களாலும் சொந்த நினைவைப் போலவே அழுத்தம் பெற்றுவிடுவதை மரியான் ஹிர்ஷ் என்ற இலக்கிய ஆய்வாளர் 1990களில் 'பின்நினைவு' என்ற பொருளில் ஒரு சொல்லால் குறித்தார். யூத இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்களின் பிள்ளைகளை மனத்தில் வைத்து உருவான கருத்து அது. எல்லாப் புலம்பெயர்வும் இனப்படுகொலையின் விளைவன்று என்பதால், இந்தச் சொல்லைக் கண்ட இடமெல்லாம் ஒட்டிவிடக் கூடாது. ஆனாலும் அது ஒரு நல்ல வாசிப்புப் பழக்கத்தைத் தருகிறது: வீட்டில் பேசப்படாத விஷயம் வேறு எந்த வடிவில் வெளிவருகிறது என்று பார்ப்பது.

இதற்கு எரிகா சான்செஸ் 2017இல் வெளியிட்ட 'ஐ ஆம் நாட் யுவர் பர்ஃபெக்ட் மெக்சிகன் டாட்டர்' நாவல் தெளிவான உதாரணம். சிகாகோவில் வாழும் மெக்சிகோக் குடும்பத்தின் பதின்பருவப் பெண் ஹூலியா, அக்காள் ஒல்காவை விபத்தில் இழந்த நிலையில் கதை தொடங்குகிறது. மகளை எந்நேரமும் கண்காணிக்கிற, எங்கும் தனியே போக விடாத, குறை சொல்லிக்கொண்டே இருக்கிற தாயை ஹூலியாவோடு சேர்ந்து நாமும் வெறுக்கத் தொடங்குகிறோம். நாவலின் பிற்பகுதியில், ஹூலியா தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்து மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்ட பிறகுதான், எல்லையைக் கடந்தபோது தாய்க்குப் பாலியல் வன்முறை நேர்ந்தது என்ற உண்மையை அவள் உறவினர் வழியாக அறிகிறாள்.

இங்கே தொடக்கநிலை ஆய்வாளர்கள் பலரும் செய்வது, 'தாயின் கடுமைக்குக் காரணம் தெரிந்துவிட்டது' என்று எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போவது. அங்கே நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்தது. புத்தகத்தின் முதல் பகுதிக்குத் திரும்பி, தாயின் ஒவ்வொரு 'போகாதே'யையும் மறுபடி வாசிக்க வேண்டும். முதல் வாசிப்பில் அதிகாரமாக ஒலித்த அதே சொல் இரண்டாம் வாசிப்பில் அச்சமாக ஒலிக்கும். ஆனால் அச்சம் என்று தெரிந்த பின்னும் அது மகளுக்கு விளைவித்த காயம் குறைவதில்லை. தாயின் துன்பம் மகளின் துன்பத்துக்கு விளக்கமாகிறதே ஒழிய, ஈடாகிவிடுவதில்லை. இந்த இரண்டையும் ஒரே பத்தியில் தாங்கிப் பிடிக்கத் தெரிந்த கட்டுரை, என் கணிப்பில், பாதிக் கிணறு தாண்டிய கட்டுரையன்று. முழுக் கிணறும் தாண்டியது.

இன்னொரு கருவியையும் இங்கே சொல்ல வேண்டும். புதிய பண்பாட்டோடு மனிதர்கள் உறவுகொள்ளும் விதத்தை ஜான் பெர்ரி என்ற உளவியலாளர் நான்காகப் பிரித்தார்: இரண்டையும் பேணுவது, பழையதை விட்டுப் புதியதில் கரைவது, பழையதிலேயே ஒதுங்குவது, இரண்டிலும் ஒட்டாமல் போவது. இது பயனுள்ள வகைப்பாடுதான். ஆனால் தந்தை மூன்றாவது வகை, மகன் இரண்டாவது வகை என்று பாத்திரங்களைப் பெட்டிகளில் போட்டு மூடினால் நாவல் செத்துவிடும். ஒரே பாத்திரம் காலையில் ஒன்றாகவும் இரவில் வேறொன்றாகவும் இருப்பதைக் காட்டத்தானே நாவல் இருக்கிறது!

நோய் எங்கிருந்து வந்தது?

வீட்டைப் பிரிந்த துயரத்தை நோயாகக் கருதும் வழக்கம் பழையது. 1688இல் பாசல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரை விட்டு விலகி வாழ்ந்தவர்களிடம் கண்ட ஏக்கத்துக்கு 'நோஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்துத் தம் ஆய்வேட்டை எழுதினார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. இன்று பழைய பாடல்களைக் கேட்டு மகிழ்வதற்கு நாம் பயன்படுத்தும் சொல், மருத்துவரின் நோய்ப் பட்டியலில் பிறந்தது என்பதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

1932இல் ஓர்னுல்வ் ஓடகார்ட் என்ற நார்வே மனநல மருத்துவர், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குக் குடியேறிய நார்வேக்காரர்களை ஆராய்ந்தார். மனச்சிதைவு நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் விகிதம் அவர்களிடம் அதிகமாக இருப்பதைக் கண்டார். நோய்க்கு ஆளாகும் இயல்புடையவர்களே ஊரை விட்டுக் கிளம்பினார்கள் என்பது அவர் தந்த விளக்கம். பிற்கால ஆய்வுகள் அந்த விளக்கம் போதாது என்று காட்டி, குடியேறிய இடத்தில் சந்திக்கும் பாகுபாடு, தனிமை, ஏழ்மை போன்றவற்றின் பக்கம் கவனத்தைத் திருப்பின. நாவல் வாசகருக்கு இந்த விவாதம் ஒரு நல்ல கேள்வியைக் கொடுக்கிறது. நோய் பெட்டி படுக்கையோடு சேர்ந்து வந்ததா, வந்த இடத்தில் காத்திருந்ததா, அல்லது இரண்டுக்கும் தொடர்பில்லாமல் எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடிய ஒன்றாக வந்ததா? நாவலாசிரியர் எந்த விடையின் பக்கம் சாய்கிறார்?

மூன்றாவது வாய்ப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடிப் கோரம் 2018இல் வெளியிட்ட 'டேரியஸ் தி கிரேட் இஸ் நாட் ஓகே' நாவலை எடுத்துக்கொள்வோம். டேரியஸின் தாய் ஈரானிலிருந்து வந்தவர். தந்தை வெள்ளை அமெரிக்கர். டேரியஸுக்கு மனச்சோர்வு இருக்கிறது, மாத்திரை எடுத்துக்கொள்கிறான். புலம்பெயர்வே நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்டிக்கொண்டு வாசிப்பவர் தாயின் பக்கத்தில் தேடுவார். ஆனால் அதே நோய் உள்ளவர் தந்தை. அவரும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். தாயின் வழி வருவது மொழியும் உறவும், தந்தையின் வழி வருவது நோய் என்று நாவல் மரபுரிமையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆக, இந்தக் கதையில் புலம்பெயர்வு நோயின் காரணமாக இல்லாமல், நோயைப் பற்றிப் பேசக்கூடிய இடத்தையும் பேச முடியாத இடத்தையும் தீர்மானிக்கும் ஒன்றாக வருகிறது. 'குடியேறினார்கள், ஆகவே நோயுற்றார்கள்' என்ற வாய்பாட்டை எழுதுவதற்கு முன் கையை நிறுத்தச் சொல்லும் நாவல் இது.

துயரத்தின் சொற்கள்

மார்க் நிக்டர் என்ற மானிடவியலாளர் தென்னிந்தியாவில் செய்த களஆய்வை வைத்து 1981இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு சமூகத்திலும் துயரத்தை வெளிப்படுத்த ஏற்கப்பட்ட சில வழிகள் உண்டு. உடல்வலி, விரதம், நோன்பு, சாப்பாட்டை ஒதுக்குதல் போன்ற எதுவும் அப்படியொரு வழியாக இருக்கலாம் என்பது அதன் சாரம். தலைப்பாரம், நெஞ்செரிச்சல், கைகால் ஓய்ச்சல் என்று ஒருவர் சொல்லும்போது அவர் மனத்தைப் பற்றித் தெரியாமல் உடலைப் பற்றிப் பேசுகிறார் என்று எண்ணக் கூடாது. அவருடைய மொழியில் மனம் அங்கேதான் இருக்கிறது. எனவே நாவலில் தாய் அடிக்கடி தலைவலி என்று படுத்துக்கொண்டால், அதை 'மறைக்கப்பட்ட மனச்சோர்வு' என்று உடனே மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அந்த மொழிபெயர்ப்பை நாவலுக்குள் செய்வது யார் என்று பார்த்தால் போதும். பள்ளி ஆலோசகரா, மருத்துவரா, இணையத்தில் தேடிப் படித்த மகனா? பெயர் கிடைத்ததும் மகனுக்கு நிம்மதி வருகிறது, தாய்க்கு அவமானம் வருகிறது என்றால், ஒரே பெயர் ஒரே வீட்டில் இரண்டு வேலை செய்கிறது என்று பொருள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் எச்சரிக்கை. 'மன அழுத்தம்' என்ற சொல்லை அன்றாட வேலை நெருக்கடிக்கும் பயன்படுத்துகிறோம், மாதக்கணக்கில் ஒருவரைப் படுக்கையில் கிடத்திவிடும் நோய்க்கும் பயன்படுத்துகிறோம். கட்டுரையில் பின்னதற்கு மனச்சோர்வு என்று பிரித்து எழுதுவது நல்லது; இல்லாவிட்டால் தேர்வுக்காகக் கவலைப்படும் பாத்திரமும் உயிரை விட நினைக்கும் பாத்திரமும் வாசகர் கண்ணில் ஒன்றாகிவிடுவார்கள்.

பாத்திரங்களுக்கு நாமே நோய்ப்பெயர் சூட்டுவதும் வேண்டாம். நாவல் பெயர் சொன்னால் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். சொல்லாவிட்டால், அது சொல்லாமல் விட்டதையே ஆராயலாம்.

சொல்லும் விதம்

கருப்பொருளைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு வடிவத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால், நாவலைப் பற்றி எழுதியதாகாது. சமூகப் பிரச்சினையைப் பற்றி எழுதியதாகிவிடும். கதைசொல்லியிடமிருந்து தொடங்குவோம். 'நான்' என்று பேசும் கதையென்றால், அந்த 'நான்' நிகழ்ச்சியின் நடுவில் நின்று பேசுகிறதா, பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்துப் பேசுகிறதா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். திரும்பிப் பார்க்கும் கதைசொல்லி தப்பிப் பிழைத்தவர் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். நடுவில் நின்று பேசுபவர் பிழைப்பாரா என்பது கடைசிவரை தெரியாது.

வேய்ன் பூத் 1961இல் அறிமுகப்படுத்திய 'நம்பத்தகாத கதைசொல்லி' என்ற கருத்து மாணவர்களிடம் மிகப் பிரபலம், ஆனால் இவ்வகை நாவல்களில் அதைப் பயன்படுத்தும்போது நிதானம் வேண்டும். கதைசொல்லிக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவர் சொல்வது நம்பத்தகாதது ஆகிவிடாது. 'யாரும் என்னைக் கவனிக்கவில்லை' என்று அவர் சொன்னால், அதை நோயின் குரல் என்று ஒதுக்குவதற்கு முன், அவர் காட்டும் காட்சிகளில் உண்மையிலேயே யாராவது கவனிக்கிறார்களா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பல நேரங்களில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

மொழியை நாவல் கையாளும் விதத்துக்கு ஹென்றி ராத் 1934இல் எழுதிய 'கால் இட் ஸ்லீப்' நாவலைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. நியூயார்க்கில் குடியேறிய யூதக் குடும்பத்தின் சிறுவன் டேவிட், சந்தேகமும் சினமும் மிகுந்த தந்தைக்கு அஞ்சித் தாயின் நிழலில் வளர்கிறான். வீட்டுக்குள் இத்திஷ் மொழியில் அவர்கள் பேசுவதை ஆசிரியர் தெளிவான, கவித்துவமான ஆங்கிலத்தில் எழுதுகிறார். அதே மனிதர்கள் தெருவில் ஆங்கிலம் பேசும்போது அது உடைந்து, கொச்சையாகி, கேலிக்குரியதாக ஒலிக்கிறது. வீட்டில் அரசியைப் போலப் பேசும் தாய், வெளியே பேச்சற்றவளாகிறாள். புலம்பெயர்ந்தவர் எதை இழக்கிறார் என்பதை ஆசிரியர் ஒரு வாக்கியத்தில்கூட விளக்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது, நடையே அதைச் செய்துவிடுகிறது. நீங்கள் ஆராயும் நாவலிலும், தாய்மொழிச் சொற்கள் பொருள் சொல்லாமல் விடப்பட்டிருக்கின்றனவா, எந்தப் பாத்திரத்தின் பேச்சு முழு வாக்கியங்களாக வருகிறது, யாருடைய பேச்சு துண்டுதுண்டாக வருகிறது என்று பட்டியலிட்டுப் பாருங்கள்.

முடிவும் வாதமும்

இவ்வகை நாவல்களில் பெற்றோரின் நாட்டுக்குச் செல்லும் பயணம் அடிக்கடி வருகிறது. மேலே சொன்ன சான்செஸ், கோரம் இருவரின் நாவல்களிலும் அது உண்டு. அந்தப் பயணத்தை 'வேர்களைக் கண்டான், குணமடைந்தான்' என்று வாசிப்பது மிக எளிது, பெரும்பாலும் தவறும்கூட. ஹூலியா மெக்சிகோவில் தாயைப் பற்றிய உண்மையைப் பெறுகிறாள். அவளுக்குத் தேவைப்படும் சிகிச்சை சிகாகோவில்தான் நடக்கிறது. டேரியஸுக்கு யாஸ்த் நகரில் ஓர் உயிர்த்தோழன் கிடைக்கிறான், ஆனால் தாத்தாவுக்கு அவனுடைய நோய் விளங்குவதில்லை. அவன் நோயைப் பற்றிய முக்கியமான உரையாடல், தந்தை தம்முடைய மிக மோசமான நாட்களை அவனிடம் முதன்முறையாகச் சொல்லும்போது நிகழ்கிறது. இரண்டு நாவல்களிலும் பயணம் நோயைத் தீர்க்கவில்லை. குடும்பத்தில் இதுவரை பேசாமல் இருந்த ஒருவரைப் பற்றியோ ஒருவரிடமிருந்தோ பேச்சு தொடங்க இடம் கொடுக்கிறது.

இனிக் கட்டுரையின் மைய வாதம். 'இந்த நாவல் புலம்பெயர்ந்தோரின் மனநலப் பிரச்சினைகளைச் சித்திரிக்கிறது' என்பது வாதமன்று, பின்னட்டைக் குறிப்பு. அதை மறுக்க யாருமில்லை. மறுக்க முடியாததை நிறுவவும் தேவையில்லை. ஒரு சமூகத்தின் எல்லோரையும் ஒரு நாவலின் குடும்பத்தைக் கொண்டு அளப்பதும் இதே வகைப் பிழைதான்.

தொடக்கத்தில் வந்த மருத்துவர் அறைக் காட்சி ஒரு நாவலில் இருந்து, அதே நாவலின் இறுதிப் பகுதியில் மகளே நோயாளியாக இன்னொரு மருத்துவர் முன் அமர்ந்திருந்தால், வாதத்தை இப்படி அமைக்கலாம்: 'தாயின் வலியைச் சுருக்கி மொழிபெயர்த்த மகள், தன் வலியைச் சொல்ல வேண்டிய நேரத்திலும் அதே "சரியாகத் தூக்கம் வருவதில்லை" என்ற வாக்கியத்தையே சொல்கிறாள், அவளுடைய வளர்ச்சியை நாவல் அளப்பது, அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவள் தானாகச் சேர்க்கும் அடுத்த வாக்கியத்தைக் கொண்டு.' இதை ஒருவர் மறுக்கலாம், வேறு காட்சியைக் காட்டி எதிர்வாதம் செய்யலாம். அப்படி மறுக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுரையின் முதல் பத்தியை எழுதத் தொடங்குங்கள்.